உன் கொக்குவில் மாமாவைப் பற்றி

கோண்டாவில்
கார்த்திகை

அன்புள்ள பிள்ளைக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். மாரி தொடங்கிவிட்டது. கிணற்றில் தண்ணீர் அரைவாசிக்கு மேலே வந்துவிட்டது. அம்மா முருங்கைக் கொப்பெல்லாம் வெட்டுவித்துப் போட்டா.

போன கிழமை போனில் நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உன் பள்ளிக்கூடக் கூட்டாளியோடு கதைக்கிறனியா என்று கேட்டதற்கு, "இப்ப பெரிசாக் கதைக்கிறேல்லை அப்பா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் விசாவுக்குப் போட்டனாங்கள். எனக்குக் கிடைச்சுது, அவளுக்குக் கிடைக்கேல்லை. புது வேலை, புது அறை எண்டு நான் ஏதும் சொன்னா பெருமை அடிக்கிற மாதிரிக் கிடக்கு. சொல்லாம விட்டா கதைக்க ஒண்டுமில்லை" என்றாய். அதற்குள் உனக்கு பஸ் வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் போனில் மறுமொழி சொல்லி முடிகிற விசயமும் இல்லை இது. நீ சொன்ன அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றது உன் கொக்குவில் மாமா.

மாமாவை நீ பிறந்த நாளிலிருந்து தெரியும். உனக்குச் சைக்கிள் பழக்கியதும், சாமத்தியச் சடங்குக்குப் பந்தல் போட்டதும், தண்ணீர் மோட்டர் நின்றால் இரவு பத்து மணிக்கும் பெட்டியோடு வந்து நிற்பதும் அவர்தான். ஆனால் நானும் அவரும் எப்படி இவ்வளவு காலம் ஒன்றாக வந்தோம் என்று உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஆளைப் பற்றி யார் உட்கார்ந்து கதை சொல்கிறார்கள்? இப்போது சொல்கிறேன். பழைய கதையில் அவரை 'அவன்' என்றுதான் எழுத வருகிறது, குறை நினைக்காதே.

நாங்கள் இரண்டு பேரும் யாழ் இந்துக் கல்லூரியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1985இல். ஆனால் கூட்டாளிகள் ஆனது பிறகுதான். வகுப்பில் அவன் கடைசி வாங்கில், நான் முன் வாங்கில். அவனுடைய ஐயா கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். அந்தக் கொட்டில்களைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாயோ தெரியாது. சுற்றுகிறவர்கள் குனிந்தபடி சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் இருந்து பத்திரிகையும் கதைப் புத்தகமும் உரத்து வாசிப்பார். அவன் சின்னனில் அங்கே போய் இருந்து கேட்டு வளர்ந்தவன். அதனால் ஊர் உலக விசயமெல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஆனால் யாரும் கேட்காமல் வாய் திறக்க மாட்டான்.

ஒரு நாள் வகுப்பில் விசையின் திருப்பம் பற்றிய கணக்கு ஒன்று எனக்கு எப்படியும் விளங்கவில்லை. வாத்தியார் மூன்று தரம் சொல்லியும் மண்டைக்குள் ஏறவில்லை. பள்ளிக்கூடம் விட்டு கே.கே.எஸ். வீதியால் சைக்கிளில் வரும்போது, தட்டாதெருச் சந்தி தாண்டியதும் அவன் பக்கத்தில் வந்து, "வீட்ட துலா இருக்கோ?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். எங்கள் கிணற்றடிக்கு வந்து, துலாவின் அடிப்பக்கம் ஏன் பாரமாக இருக்கிறது, துலாவைத் தாங்குகிற ஆடுகாலிலிருந்து தள்ளிப் பிடித்தால் ஏன் இலேசாக இழுபடுகிறது என்று தண்ணீர் அள்ளியபடியே காட்டினான். பத்து நிமிசம்கூட ஆகியிருக்காது. அம்மா, அதாவது உன் அப்பாச்சி, இரண்டு பேருக்கும் புட்டும் சம்பலும் தந்தா. அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்கும் சேர்த்துத்தான் மா குழைத்தது.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியபோது நாங்கள் ஓ.எல். வகுப்பு. கரண்ட் போனது. ரயில் நின்றது. கோண்டாவில் ஸ்ரேசன் பக்கம் சனம் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழற்றிக்கொண்டுபோய் பங்கருக்கு மேலே போட்டது. பற்றறி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், பெற்றோல் எல்லாவற்றுக்கும் தடை. பத்திரிகைக்குக் கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்த காலம் அது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கும் நாள் தெரிந்தால் விடியவே வரிசையில் போய் நிற்போம்.

அந்த மண்ணெண்ணெயை வைத்துத்தான் கம்பஸ் போவதற்கான ஏ.எல். படித்தோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் துளி மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. அவ்வளவுதான் விளக்கு. இரண்டு வீட்டில் இரண்டு விளக்கு எரிப்பது வீண் என்று அவன் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். தன் வீட்டுப் பங்கை ஒரு மருந்துப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவருவான். அப்பாச்சி வேண்டாம் என்றால் அடுத்த நாள் வராமல் விட்டுவிடுவானோ என்று பயந்து வாங்கி வைத்துக்கொள்வா. தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று நாலு பாடம். ஒரு புத்தகம், ஒரு விளக்கு, இரண்டு தலை. வெளிச்சம் ஒரு பக்கம்தான் நன்றாக விழும். எழுதுகிறவன் பக்கம் விளக்கு, மற்றவன் பார்த்துக்கொண்டிருந்து பிழை பிடிக்க வேண்டும். இப்படிப் படித்ததால் அவன் எந்த இடத்தில் யோசிப்பான், நான் எந்த இடத்தில் அவசரப்படுவேன் என்று இரண்டு பேருக்கும் மனப்பாடம். இன்றைக்கும் நான் ஒரு முடிவு எடுக்கிறபோது, "இவன் அவசரப்படுறான்" என்று அவர் முகத்திலேயே தெரியும்.

குண்டுவீச்சு விமானம் வந்தால் விளக்கை ஊதிவிட்டு பங்கருக்குள் இறங்குவோம். இருட்டுக்குள் சூத்திரங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்பான். பயத்தில் எனக்கு வாய் வராது. சொல்லும் வரை விடமாட்டான்.

எல்லாம் அழுகையும் பயமுமாக இருந்தது என்று நினைக்காதே. 1992 உலகக் கிண்ண இறுதியாட்டம், பாகிஸ்தானும் இங்கிலாந்தும், மார்ச் 25. பற்றறி இல்லாததால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் கரண்டில் றேடியோ கேட்போம். இரவில் பிபிசி தமிழோசை கேட்பதும் அப்படித்தான். அன்றைக்கு எங்கள் வளவில் பெடியன்கள் ஒரு பத்துப் பேர். அவன் முறைக்கு அவன் சுற்றிக்கொண்டிருந்தான். வசீம் அக்ரம் லாம்பின் விக்கெட்டை விழுத்தியதும் சந்தோசத்தில் பெடலை விட்டுவிட்டுத் துள்ளினான். றேடியோ செத்துப்போனது. திரும்பச் சுற்றிச் சத்தம் வரும்போது அடுத்த பந்திலேயே லூயிசும் போய்விட்டார். அந்தப் பந்தை நாங்கள் யாருமே கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் காலத்துப் பெடியன் யாராவது வெளிநாட்டிலிருந்து வந்தால் முதலில் கேட்பது, "லூயிசின்ர விக்கெட்டை ஒளிச்சவன் எங்க?" என்றுதான்.

சரி, சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

1993இல் இரண்டு பேரும் ஏ.எல். எழுதினோம். நாலு பாடத்திலும் இரண்டு பேருக்கும் பாஸ். ஆனால் பொறியியலுக்கு யாழ்ப்பாண மாவட்டத்து வெட்டுப்புள்ளி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று உனக்குத் தெரியும்தானே. எனக்குக் காணும், அவனுக்குக் கொஞ்சத்தால் காணாது. இந்தச் செய்தியை எனக்கு வந்து சொன்னவன் அவன். எங்கள் படலைக்கு வெளியே நின்று, அப்பாச்சிக்குக் கேட்கட்டும் என்று, "மாமி, உங்கட மோன் கம்பஸ் எடுபட்டிட்டான்!" என்று கத்தினான். நான் ஓடிப்போய், "உனக்கு?" என்றேன். "எனக்குக் காணாது" என்றான். அதே மூச்சில், "முதல்ல மாமியிட்ட ஏதும் சாப்பிட வாங்கித் தா, பசிக்குது" என்றான். அப்பாச்சி அவனைக் கட்டிப் பிடித்து அழுதா. என்னையல்ல, அவனை.

அவன் இன்னொரு தரம் எழுதியிருக்கலாம். ஆனால் தெற்கோடு வியாபாரம் நின்று சுருட்டுத் தொழில் படுத்துவிட்டது. ஐயாவுக்கு வேலை கிடைக்கிற நாள் குறைவு. கீழே மூன்று தங்கச்சிமார். ஒரு மாதத்துக்குள் அவன் மோட்டர் திருத்துகிற கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்தக் கிழமை முழுக்க எனக்கு அவன் வீட்டுப் பக்கம் போகக் கால் எழவில்லை. என்ன கதைப்பது? சந்தோசப்படுவதா, கவலைப்படுவதா? நீ போனில் சொன்னாயே, அதே நிலைமைதான். அவன்தான் வந்தான். கையெல்லாம் கிறீஸ். "போற அலுவல் என்ன மாதிரி? வெளிய போறதுக்குப் பாஸ் எடுக்கக் குடுத்திட்டியோ?" என்று கேட்டான். அதற்குப் பிறகு என்னுடைய பயணம் அவனுடைய அலுவல் ஆகிவிட்டது.

குடாநாட்டை விட்டு வெளியே போக ஆனையிறவால் பாதை இல்லை. கிளாலிக்குப் போய் இரவில் வள்ளத்தில் கடலைக் கடக்க வேண்டும். அந்தக் கடலில் சனம் சுடப்பட்டுச் செத்தது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் போவோம், வேறு வழியில்லை. 1994இல் நான் போன அன்று என் றங்குப் பெட்டியை அவன் தன் சைக்கிள் கரியரில் கட்டினான். விடிய வெளிக்கிட்டு, சாவகச்சேரி, கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் என்று உழக்கிப் போனோம். கிளாலியில் இருட்டும் வரை தென்னைமரத்துக்குக் கீழே காத்திருந்தோம். வள்ளங்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, முன்னால் ஒரு இயந்திர வள்ளம் இழுத்துக்கொண்டு போகும். என் முறை வந்தபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "நீ படி. வீட்டை நான் பாத்துக்கொள்ளுறன்."

அக்கா, உன் மாமி, அப்போதே கலியாணம் செய்து லண்டன் போய்விட்டா. வீட்டில் ஐயாவும் அம்மாவும் தனிய. நான் அந்த வார்த்தையை நம்பித்தான் வள்ளத்தில் ஏறினேன்.

பேராதனைக் கம்பசுக்குப் போன புதிதில் நான் எழுதிய கடிதங்கள் சின்னன் சின்னனாக இருக்கும். சுகம், படிப்பு நடக்குது, சாப்பாடு பரவாயில்லை. அவ்வளவுதான். அந்த இடத்தின் அழகை எழுதினால் அவனுக்கு நோகும் என்று ஒரு நினைப்பு. கடிதங்கள் போய்ச் சேர வாரக்கணக்காகும், சிலது மாதமும் ஆகும். அவனுடைய முதல் பதில் வந்தது. கோபத்தில் எழுதியிருந்தான்:

"சுகம் எண்டு எழுதத்தானோ முத்திரை ஒட்டுறாய்? மகாவலி எவ்வளவு அகலம்? பாலத்தில நிண்டு பாத்தா தண்ணி எந்த நிறம்? வேர்க்சொப்பில என்ன லேத் மெசின் வைச்சிருக்கினம்? அதை என்ன மாதிரி ஓட்டுறது? நீ எழுதினாத்தானே எனக்கும் தெரியும்."

பிள்ளை, இந்தக் கடிதத்தைப் பற்றி உனக்குச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். தனக்குக் கிடைக்காததை நான் மறைத்து வைப்பதைத்தான் அவன் தாங்கமாட்டான். கிடைத்ததைச் சொன்னால் அவனுக்கும் அதில் பங்கு. அதற்குப் பிறகு நான் பக்கம் பக்கமாக எழுதினேன். யாழ்ப்பாணத்தானுக்கு ஆறு என்றால் என்ன தெரியும்? வருசம் முழுக்க ஓடுகிற தண்ணீரை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். பொறியியல் பீடத்துக்கு அக்பர் பாலத்தால் ஆற்றைக் கடந்து போக வேண்டும். மழைக்குப் பிறகு தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் சுழித்துப் போகும், காலையில் ஹந்தானை மலையில் முகில் இறங்கி நிற்கும். எல்லாவற்றையும் எழுதினேன். லேத் மெசினைப் படமாகக் கீறி அனுப்பினேன். அவன் அந்தப் படத்தைப் பார்த்து, தன் கடையில் இருந்த பழைய மெசினோடு ஒப்பிட்டு, நான் கீறியதில் ஒரு பிழை இருக்கிறது என்று மறுமொழி எழுதினான். அதைக் கொண்டுபோய்ப் பார்த்தால் அவன் சொன்னது சரி. பேராதனைக்கு வராமலே அவன் என்னோடு அரைவாசிப் பொறியியல் படித்தவன்.

அவனுக்குக் கவலையே இருக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ வருசம் கழித்து, நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வீதியில் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தரம் கேட்டேன். யோசித்துத்தான் சொன்னார். "கவலை இருந்தது. கனநாள் இருந்தது. ஆனா அது உன்னைப் பாத்து வந்த கவலை இல்லை. நீயும் எடுபடாமப் போயிருந்தா அது ரெண்டு மடங்கு ஆகியிருக்கும்." அதற்கு மேல் அந்தக் கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி 1995. அப்பாச்சி உனக்குத் துண்டு துண்டாகச் சொல்லியிருப்பா.

ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே பொழுதில் இலட்சக்கணக்கான சனம் வீதிக்கு வந்தது. தென்மராட்சிக்குப் போக இருந்த பாதைகள் ஒடுக்கம், நல்ல மழை. அப்பாச்சிக்குத் தொய்வு வருத்தம், மழைக்குளிரில் நாலு எட்டு நடக்க முடியாது. நான் பேராதனையில், றேடியோவுக்குப் பக்கத்தில், ஒன்றும் செய்ய ஏலாமல்.

அவன் தன் வீட்டை வெளிக்கிடுத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான். தன் சைக்கிள் கரியரில் தலையணையைக் கட்டி அப்பாச்சியை இருத்தினான். நான் விட்டுப்போன சைக்கிளில் அரிசியும் உடுப்பு மூட்டையும். அதை அவனுடைய மூத்த தங்கச்சி உருட்டினா. ஐயா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில். நல்லூர், செம்மணி, நாவற்குழிப் பாலம். சாதாரண நாளில் சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் போகிற தூரத்தைக் கடக்க அந்த இரவு முழுக்க எடுத்தது. இரண்டு அடி வைப்பது, நிற்பது. திரும்ப இரண்டு அடி. செம்மணி வெளியில் ஒதுங்க ஒரு மரமில்லை. அப்பாச்சிக்கு மூச்சு இழுத்தபோதெல்லாம் சைக்கிளை நிறுத்தித் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றானாம். பின்னால் சனம் நெருக்கும், ஏசும். அசையமாட்டானாம். அப்பாச்சி கடைசி வரைக்கும் சொல்லுவா, "என்னைச் சுமந்த பிள்ளை" என்று. அவன் பிறகு ஒரு நாளும் அதைத் தன் வாயால் சொன்னதில்லை. நான் எடுத்தாலும் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவார்.

வவுனியாவுக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்ட கடிதம் எனக்குப் பேராதனைக்கு வந்து சேர்ந்தது. சின்னத் துண்டு. "மாமி, மாமா சுகம். எல்லாரும் மிருசுவிலில ஒரு வீட்டில நிக்கிறம். உன்ர சேர்ட்டிபிக்கேற் எல்லாமும் வீட்டு உறுதியும் என்னட்ட பத்திரமாக் கிடக்கு. நீ வெளிக்கிட்டு வராத. படி." தன்னுடைய சாமான் பெட்டியை, வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்து வாங்கிய ஸ்பானர் சாவிகளை எல்லாம், கொக்குவிலில் விட்டுவிட்டு என்னுடைய கடதாசிகளை எடுத்திருக்கிறான். 1996இல் திரும்பிப் போனபோது அந்தப் பெட்டி வீட்டில் இருக்கவில்லை. திரும்ப ஒவ்வொரு சாவியாகச் சேர்த்துத்தான் இன்றைக்கு இருக்கிற கடையைப் போட்டார்.

படிப்பு முடிந்து, கொழும்பில் கொஞ்சக் காலம் வேலை, கலியாணம், பாதை திறந்த பிறகு ஊரோடு வந்தது, நீ பிறந்தது எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. அவருடைய தங்கச்சிமார் மூன்று பேரும் நல்லாய் இருக்கினம். அவருடைய மகன் ஏ.எல். கணிதம் படித்தது எங்கள் விறாந்தை மேசையில். அதையெல்லாம் நான் பட்ட கடனுக்குச் செய்ததாக நீ நினைக்கக் கூடாது. அப்படி ஒரு எண்ணம் வந்திருந்தால் அவர் அந்த நாளே மகனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

நாங்கள் சண்டை பிடிக்காத ஆட்களும் இல்லை. பின்வளவில் குழாய்க்கிணறு அடிக்க வேண்டும் என்று நான் நின்ற காலம் உனக்கு ஞாபகம் இருக்கும். எஞ்சினியர் எனக்குத் தெரியாததா என்று நான். "உன்ர படிப்பு எனக்கு வேண்டாம், நான் ஊரில இருக்கிற கிணறெல்லாத்திலயும் கை வைச்சவன்" என்று அவர். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. ஆழமாக இறக்கி அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே ஏறும். பிறகு உன் கிணறு மட்டுமா, பக்கத்து வளவுக்காரன் கிணறும் போகும். புத்தகத்தில் நானும் படித்ததுதான். அவரோ மோட்டரைக் கழற்றுகிறபோது உள்ளே படிந்திருக்கிற உப்பைப் பார்த்து, எந்த ஊரில் எவ்வளவு என்று கை விரலில் சொல்லுவார். மாதக்கணக்காக வாதாடினோம். கதை சூடாகி, சொல்லாமல் எழும்பிப் போன ஞாயிற்றுக்கிழமைகளும் உண்டு. அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குப் படலை திறக்கும். "பிளேன்ரீ போடு" என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். கடைசியில் குழாய்க்கிணறு அடிக்கவில்லை. பழைய கிணற்றைத்தான் தூர் வாரினோம். அவர்தான் நாள் முழுக்க உள்ளே இறங்கி நின்றார்.

எனக்கு முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்ல இந்த ஊரில் வேறு ஆள் இல்லை. வேலையிடத்தில் எல்லோரும் சேர் என்கிறார்கள். சொந்தக்காரர் மனம் நோகும் என்று பார்க்கிறார்கள். அவருக்கு நான் விளக்குக்குப் பக்கத்தில் இருந்து அவசரப்பட்டுப் பிழை விடுகிற பெடியன்தான். அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. வயது போகப் போகத்தான் அந்த ஆறுதல் கூடுகிறது.

2022இல் நீயும் பார்த்தாய். பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. எல்லோரும் இனி என்ன செய்வது என்று தலையில் கை வைத்தபோது, மாமா பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார். கையில் ஜாம் போத்தல். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். நாங்கள் இரண்டு பேரும் விறாந்தையில் அதைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, உனக்குத் தெரியாத பெடியன்களின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி நடுச்சாமம் வரை கதைத்துக்கொண்டிருந்தோம். அதில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. மீதிப் பேரில் பாதி வெளிநாட்டில். அந்தப் பெடியன்களை எல்லாம் நினைவில் வைத்திருக்க எனக்கு அவர் ஒருவர், அவருக்கு நான் ஒருவன்.

இனி உன் கூட்டாளிக்கு வருகிறேன். நீ அவளோடு கதைப்பது குறைந்துவிட்டது என்கிறாய். அவள் இங்கே வருவது குறையவில்லை. போன மாதம் அம்மாவுக்குக் கண்ணுக்குக் காட்டப் போனபோது, பிரதேச செயலகத்தில் லீவு போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது அவள்தான். நாங்கள் கேட்கவில்லை. அம்மாதான் போனில் வாய் தவறிச் சொல்லியிருக்கிறா. வரும்போது பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்தாள். உன் அறைக்குள் போய் அலுமாரியில் நீங்கள் இரண்டு பேரும் வேம்படிப் பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு நிற்கிற படத்தைத் தூசு தட்டி வைத்தாள். "அவள் இப்ப எங்க வேலை செய்யிறாள் மாமா? என்ன வேலை? எவ்வளவு தூரம் போக வேணும்?" என்று என்னிடம்தான் கேட்கிறாள். உன்னிடம் கேட்க வேண்டியதை ஏன் பிள்ளை என்னிடம் கேட்க விட்டிருக்கிறாய்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.

அவளுக்கு எழுது. வாட்சப்பில் ஒரு படமும் ஒரு பூவும் அனுப்புவதைச் சொல்லவில்லை. அறை எவ்வளவு பெரிது, யன்னலால் என்ன தெரியும், வேலையிடத்தில் யார் நல்லவர், யாரோடு ஒத்துப்போகவில்லை, வாடகைக்கு எவ்வளவு போகிறது, இரவில் தனியச் சமைத்துச் சாப்பிடும்போது எப்படி இருக்கிறது, எல்லாம் எழுது. நல்லதையும் மறைக்காதே. அவள் செயலகத்தில் என்ன செய்கிறாள் என்று நீயும் கேள். கோவைகளைத் தூக்கிக்கொண்டு வருகிற சனத்தின் கதை ஒவ்வொன்றும் உன் தொழிற்சாலைக் கதையை விடப் பெரிது. அவள் சொல்லத் தொடங்கினால் அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருப்பா.

தை பிறந்ததும் அவளுக்குக் கலியாணப் பேச்சு முற்றாகும் போலக் கிடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வந்து போனவர்கள். இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே, அவள் தன் வாயால் உனக்குச் சொல்லட்டும்.

அம்மா கருவாடும் மிளகாய்த்தூளும் கட்டி வைத்திருக்கிறா. ரொறன்ரோவுக்கு யாராவது வருகிறார்களா என்று விசாரிக்கிறேன். அப்பாச்சியின் திவசம் அடுத்த மாதம். வழக்கம்போல மாமாதான் வாழையிலையும் காய்கறியும் கொண்டுவருவார்.

அவர் உன்னிடம் கேட்கச் சொன்ன ஒரு கேள்வியும் இருக்கிறது. நேற்று ஞாயிறு வந்தபோது கேட்டார். அங்கே குளிர்காலத்தில் வெளியே எல்லாம் உறைந்துபோனால், வீட்டுக்கு வருகிற தண்ணீர்க் குழாய் மட்டும் எப்படி உறையாமல் ஓடுகிறது? குழாயை எவ்வளவு ஆழத்தில் தாட்டிருக்கிறார்கள்? சுற்றி ஏதும் கட்டியிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன், அவருக்குக் காணவில்லை. வீட்டுக்கார ஆளிடம் கேட்டு, முடிந்தால் நிலவறையில் குழாய் உள்ளே வருகிற இடத்தைப் படமும் எடுத்து அனுப்பு. எனக்கு அனுப்பி நான் காட்ட வேண்டாம், அவருடைய போனுக்கு நேரே அனுப்பு. அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துக் கேள்வி கேட்பார். எல்லாவற்றுக்கும் மறுமொழி சொல்லு.

அன்புடன்,
அப்பா